ஆமைக்கு வழிவிட்டவர்

மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் விசைப்படகுத் தொழிலாளிகள் இருவர்.

“சும்மாதான கீறோம்னு டிவில ஆடுற வீடியோ கேம் வாங்கியாந்தேன் மாமு. அதுல ஒரு ஆமை துள்ளித் துள்ளி வருது. அத்த மிதிச்சுக் கொன்னாத்தான் மேல போவ முடியுமாம்!”

“மிதிச்சுட்டுப் போவ வேண்டியதுதான?”

“இன்னா பேசுற நீ? ஆமை மாட்டுனா வலையையே அறுத்து, கும்புட்டுக் கடல்ல உடுற ஆளுங்க நாம. அது தலைமேல கால வெப்பனா? ஓரமா நின்னு வழி உட்டேன். வந்து மோதி என்னையே சாவடிச்சிடுச்சு. கேம்ல குடுத்த மூணு உசுரும் போச்சு.”

“வூட்ல தங்கச்சி இன்னா சொல்லுச்சு?”

“உன் தங்கச்சியா? எல்லா ஆமையையும் மிதிச்சுட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்ட்டா. ரெண்டு நாளா நான் அவகிட்ட பேசறதில்ல. நான் பேசாததக்கூட கவனிக்காம ஆடிகினு கீறா!”