பதினேழு திங்கட்கிழமைகள்

ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான் ஆகும் என் கருவிக்கு. ஒரு குழாய், உள்ளே சின்னச் சுழலி, கைப்பேசித் திரையில் ஒரு கோடு. ஊதினால் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடும். முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன், ஐயா.

பேராசிரியருக்கு அது போதவில்லை. "நோய் இருக்கு, இல்லைன்னு எல்லாரும்தான் காட்டுறாங்க. ஒரு ஆளுக்கு முத்திக்கிட்டே போறத வாராவாரம் பிடிச்சுக் காட்டும்மா" என்றார். முற்றும்வரை மருந்தே சாப்பிடாத ஆளுக்கு நான் எங்கே போவேன்?

அப்போதுதான் விசிலண்ணன் என் ஆய்வறைக்கு ஊதிப் பார்க்க வந்தார். கல் பட்டறைக்காரர், மூச்சு விட்டால் விசில் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். ஊதினார். கோடு தொய்ந்து இறங்கியது. மருத்துவமனைக்கு அனுப்பிய சளியின் பரிசோதனை முடிவும் என் மேசைக்குத்தான் வந்தது. காசநோய். ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம்.

"என்னம்மா, ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே, தூசிதான். திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து ஊதிட்டுப் போங்க."

முடிவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கிழித்துப் போடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமும் அவர் தவறியதில்லை. போகப்போக, தாங்கிப் பிடித்துக்கொண்டு மகளும் வரத் தொடங்கினாள். நாற்காலியைத் துடைத்துப் போடுவேன், வெந்நீர் கொடுப்பேன். சன்னலைத் திறந்துவிட்டு முகக்கவசம் போட்டுக்கொள்வேன், நான் மட்டும்.

பதினான்காம் வாரம் குழாயில் ரத்தம் தெறித்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமாக்கா?"

இழுப்பறைச் சாவி என் பையில்தான் இருந்தது. திரையைப் பார்த்தேன். கோடு இன்னும் அடியைத் தொடவில்லை.

"அவசரப்படாதம்மா. இன்னும் மூணு வாரம் பார்ப்போம்."

பதினேழாவது திங்கட்கிழமை மகள் மட்டும் வந்தாள், அப்பா வியாழக்கிழமையே போய்விட்டார் என்று சொல்ல. நான் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். கொன்றது நோய், ஐயா. நான் அளந்தேன்.

சொல்லி அழுதவள் நடுநடுவே இருமினாள். உட்காரவைத்து, முதுகைத் தடவிக் கொடுத்து, புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து நீட்டினேன். நீங்கள் என்னைப் பிடித்த அன்று அவளுக்கு ஏழாவது வாரம். கோடு ஒரு பிசிறு இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மாத்திரை தொடங்குவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், ஐயா.