கிளாரினெட் நின்ற இடம்

இசை கேட்கும்போது நான் காலாட்டுவதில்லை. மாணவர்கள் அதைக் கர்வம் என்பார்கள். மூட்டுவலி என்று என் மனைவிக்குத்தான் தெரியும்.

நீங்கள் ஜாஸ் கேட்பதில்லை என்றீர்கள், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, எளிதாகவே சொல்கிறேன். நான் பேராசிரியரானதே ஒரு பழைய இசைத்தட்டால்தான். அதில் பாட்டு கிடையாது, வெறும் வாத்தியங்கள். கார்னெட் மெட்டை நடத்திப் போகும். டிராம்போன் கீழே நின்று உறுமும். கிளாரினெட் இரண்டுக்கும் நடுவில் சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். முடிவுக்குச் சற்று முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று கிளாரினெட்டுக்கு வழிவிடும். அதுவும் ஊதாது. தாளத்தில் இரண்டு தட்டு நேரம் மௌனம். பிறகு உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும்.

என் புத்தகமே அந்த மௌனத்தைப் பற்றித்தான். மௌனத்தையும் ஒரு வாத்தியமாக்கிய மேதை என்று அந்தக் கிளாரினெட்காரரைப் பற்றி எழுதியிருந்தேன்.

போன மாதம்தான் அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது. மகளின் தையல் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். தள்ளாத வயது, ஆஸ்துமா வேறு. பேச்சில் மட்டும் சளைக்காதவர். மௌனத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? தும்மல் வந்துருச்சு சார். மூக்கைப் பொத்தி எப்படியோ அடக்கிட்டேன். அவசரத்துல ஊதினா வேற சுரம். அப்படியே வழுக்கி இறங்கித் தப்பிச்சேன்."

அந்தக் காலத்தில் மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிவு செய்வார்கள்; வெட்டி ஒட்ட முடியாது. அப்படியே விட்டுவிட்டார்களாம். சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பானது. மகள் ஓடிவந்து இன்ஹேலரைக் கொடுத்தாள். இந்தக் கதையைச் சொன்னாலே அப்பாவுக்கு இப்படித்தான் ஆகிறது என்று அலுத்துக்கொண்டாள். வானொலியில் அவரைப் பேட்டி எடுக்கவிருந்தார்கள்; அதிலும் இதைத்தான் சொல்லப்போகிறாராம்.

நல்ல மனிதர். என் புத்தகத்தைக் கொடுத்தபோது அட்டையைத் தடவிப் பார்த்து, "என்னைப் பத்தியா இவ்வளவு?" என்று கண்கலங்கினார். அந்தப் பெருமையை அவரே ஊரறியப் போட்டு உடைக்கவிருந்தார். யாராவது தடுக்க வேண்டாமா?

பேட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம் மறுபடி போனேன். கீழே மகளின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நாற்காலி இழுத்துப் போட அவர் திரும்பியபோது, கட்டிலருகே மேசையில் இருந்த இன்ஹேலரை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு வசதியாக உட்கார்ந்து, அந்தத் தும்மல் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

உற்சாகமாகச் சொன்னார். முன்பைவிட நன்றாகவே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். மூச்சிரைத்ததும் மேசையைத் துழாவினார். பிறகு என் பக்கம் கை நீட்டினார். அந்தக் கை கீழே இறங்கும்வரை காத்திருந்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

பையைத் துழாவாமல் கோட்டைச் சலவைக்குப் போடும் வழக்கம் என் மனைவிக்கு இல்லை. அதனால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

மகளை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, சிரிச்சுக்கிட்டே இருந்தார். கொடுத்து வச்ச மனுஷன்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.