மாதாவுக்குக் கொடுத்த வெள்ளிக் கை

முத்தையாபுரத்தில் பஸ் ஏறிய அம்மாவும் மகளும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த உடனேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா, ஒனக்குக் கை சரியானதும் வெள்ளியில கை செஞ்சி மாதா கோயில்ல வச்சனே, அது நீ மறுபடியும் பந்து எறியதுக்கா?"

"நாளைக்கி காலேஜ்ல செலக்சன்மா. பேஸ்பால்ல எடுத்துட்டாங்கன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு கெடைக்கும்."

"பதினொண்ணாங் கிளாசுல அந்த எழவு வெளையாட்டுலதான தோளு முறிஞ்சுது? உள்ள இன்னும் தகடு கெடக்கு."

"டாக்டரே வெளையாடலாம்னு சொல்லிட்டாரு."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. ஆறு மாசம் ஒனக்குத் தலை சீவி, சோறு ஊட்டுனது அவரா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் வரிசையில் மாட்டி பஸ் நின்றுவிட்டது.

"வாயத் தொறந்து பேசேன். ஒங்கிட்ட பேசுததுக்கு நான் செவுத்துல போயி முட்டிக்கிடலாம்."

"நீ மாதாகிட்ட என்னன்னு வேண்டுன?"

"கை பழையபடி ஆவணும்னு வேண்டுனேன். வேற என்னத்த வேண்டுவாவ?"

"பழைய கைய வச்சி நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்?"

அம்மா மகளின் வலது தோளைப் பார்த்தாள். லாரிகள் நகர்ந்தன, உப்பளங்கள் போயின.

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. காலடியில் இருந்த தேங்காய்ப் பையை மகள் வலது கையால் தூக்கப் போனாள். அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தக் கையால தூக்காத, மூதி! நாளைக்கி எறியணும்லா?"