வானத்தைப் பூட்டிய நாள்

பக்கத்து நாட்டுப் போர்விமானம் நம் எல்லைக்குள் நுழைந்ததாகச் செய்தி வந்த மறுநாள் காலை. கோவண்டியில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள். இளையவள் நிறைமாதக் கர்ப்பிணி.

"வானத்தப் பூட்டிட்டாங்களாம், ராத்தா," என்றாள் தன் அக்காவிடம்.

"வானத்த எப்படிட்டி பூட்டுவாங்க?"

"யாருக்குத் தெரியும்? துபாய்ல இருந்து அவுங்க வந்த பிளைட்ட பாதி வழியில திருப்பிட்டாங்க. நேத்துல இருந்து போனும் போக மாட்டேங்கு."

செம்பூர் வரும்முன் அவள் கைப்பேசி அடித்தது. கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னட்டி சொல்லுதாரு?"

"மஸ்கட்ல இறக்கி விட்டிருக்காங்களாம். நான் வாரதுக்குள்ள வெளிய வந்திராதன்னு பிள்ளைட்ட சொல்லுங்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்களே வந்து சொல்லுங்கன்னேன்."