இடது மூலைப் பந்துகள்

டேபிள் டென்னிஸ் பந்தின் எடை மூன்று கிராம்கூட இல்லை. அதை வைத்து ஒருவனை என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பொறுமையாகக் கேட்டால் விளக்குகிறேன்.

என் தம்பிக்குப் பந்து போடுவது என் வேலை. மேசைக்கு எதிரே நின்று, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மட்டையால் தட்டி அனுப்ப வேண்டும். ஒரு காலையில் ஆயிரத்து இருநூறு பந்து. அவனுக்குப் பத்தொன்பது வயது. வெளிநாட்டு கிளப் ஒன்று அவனைக் கேட்டிருந்தது. ஆறு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். பயிற்சியாளர் சுவரோரம் நின்று அவன் கால்களையே பார்ப்பார். பந்து போடுகிறவன் கையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இவருக்கு ஆட்டம் தெரியும் என்று சம்பளம் வேறு.

இடது மூலைக்கு வரும் பந்தை, வலது கைக்காரன் சுற்றிப் போய் அடித்தால் இடுப்பு திரும்பும். அந்தப் பந்தில் கீழ்ச்சுழற்சி இருந்தால் மட்டையில் பட்டதும் வலைக்குள் இறங்கப் பார்க்கும். எனவே குனிந்து தூக்கவும் வேண்டும். குனிவது, திரும்புவது, பின்னால் வளைவது மூன்றும் ஒரே நொடியில். முதுகின் அடியில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத எலும்பு ஒன்று இதைத் தாங்குகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கிப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே கதைதான்.

பயிற்சித் தாளில் பத்துக்கு மூன்று பந்து இடது மூலைக்கு என்றிருந்தது. நான் நான்காக்கினேன். அடுத்த வாரம் ஐந்து. பிறகு ஒவ்வொன்றையும் ஒரு விரற்கடை தள்ளிப் போட்டேன், சுழற்சியையும் கூட்டினேன். "பையன் இடுப்பு இப்பத்தான் நல்லா வேலை செய்யுது" என்று பயிற்சியாளர் மெச்சினார்.

"அண்ணா, பந்துல கல்லைக் கட்டி அனுப்புறியா?"

"முடியலைன்னா உட்காரு கிழவா."

உட்கார மாட்டான். கிண்டல் செய்தால் இன்னொரு கூடை கேட்பான். அவ்வளவுதான் அவன் மூளை.

மூன்றாம் மாதம் அவனால் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட முடியவில்லை. நான்தான் கட்டிவிட்டேன். டாக்டரிடமும் நானே அழைத்துப் போனேன். அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் முதுகின் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "மயிரிழை விரிசல். மூணு மாசம் மட்டையைத் தொடக் கூடாது. தானா கூடிடும்."

"என்ன சொன்னாரு?" என்றான் தம்பி.

"தசைப்பிடிப்புதான். ஆட ஆடச் சரியாயிடுமாம்."

அவன் சிரித்தான். அம்மாவுக்கு உடனே போன் செய்து சொன்னான். மறுநாளிலிருந்து பத்துக்கு எட்டுப் பந்து இடது மூலைக்குப் போட்டேன். ஒன்பதாம் நாள் அடித்தவன் நிமிரவில்லை. எலும்பு விலகி நரம்பை அழுத்தியிருக்கிறது. இப்போது வலது காலை இழுத்து நடக்கிறான். இனி அவனுக்கு ஆட்டம் இல்லை. தெரிந்துதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பேனா அந்தப் பக்கம் போவது தெரிகிறது. தன்னைவிட உயர்ந்தவன்மீதுதான் பொறாமை வரும். அவனுக்குப் பதினான்கு வயது ஆகும்வரை நான் அவனிடம் ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. கிளப்பில் அவன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் பெட்டிகட்டித் தயாராக இருக்கிறேன். அவர்களிடமிருந்து போன் வந்தால், விசாரணை நடுவில் என்று பார்க்காமல் என்னைக் கூப்பிடுங்கள்.