மாசிப் பொடிப் போத்தல்

– இடியப்பத்தப் பிசஞ்சிக்கிட்டே இரிக்கிங்க. சொதில உப்புக் கூடிட்டா?

– தெரியல்ல றுஸ்தா. கொரோனா வந்துபோன நாள்ள இருந்து எனக்கு எது உப்பு, எது புளி எண்டு விளங்குது?

– அந்த நாக்கோடதான் அறுகம்பைல வெள்ளக்காரருக்குச் சமைக்கிங்க.

– கைக்கணக்கு புள்ள. ருசிய மத்தவங்கட மூஞ்சில பாக்கிறன்.

– மறுகா என்ன? ரெண்டு நாள் லீவுல வந்து, புருஷன் வீட்டில இரிந்த மாதிரியே இல்ல. வாசலுக்கும் கிணத்தடிக்கும் நடக்கிங்க. பத்தர பஸ்ஸுக்கு இப்பவே உடுப்ப மாத்தியாச்சி.

– மனசு ஒரு இடத்தில நிக்குதில்ல. இனெஸ் மிஸ்ஸ நினைச்சாத்தான்.

– உங்கட முதலாளி, அந்த ஸ்பெயின் மனிசியா? ஏசினாவா?

– ஏசினா நல்லம். அவ யோகா படிப்பிக்கிறவ. நானும் கையக் கால முறுக்கிறதுதான் யோகா எண்டு நினைச்ச. இல்லயாம். அதுக்கு முதல் அஞ்சு கட்டுப்பாடு இரிக்காம். ஒரு உசிரையும் நோகப்படுத்தக் கூடா, பொய் கூடா, களவு கூடா, ஆசைய அடக்கணும், தேவைக்கு மேல சேக்கக் கூடா. இதில நிக்காதவன் தலைகீழா நிண்டும் வேலையில்லயாம்.

– நம்மட பள்ளியில வெள்ளிக்கிழமக் குத்பாவிலயும் இதத்தானே சொல்ற.

– ஓம். அதுதான் குத்துது.

– ஏன், அங்க என்ன தப்புச் செஞ்சீங்க?

– கேளு. சாப்பாடு அவட ஊர்ச் சாப்பாடு, ஆனா மீன் இறைச்சி இல்லாம. சுட்ட பாண்ல உள்ளியத் தேச்சு, பழுத்த தக்காளியத் தேச்சு, ஒலிவ் எண்ணைய ஊத்திக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டுத் திங்கிறாங்க. வேர்த்து வாறவங்களுக்குக் குளிரான தக்காளி சூப். பிறகு பயேயா. பெரிய தட்டத் தாச்சில குங்குமப்பூச் சோறு, கிண்டவே கூடா. அடில பொரிஞ்சி பிடிக்கிற சத்தத்தக் கேட்டு இறக்கணும். அந்த அடிச்சோத்துக்கு யோகாக்கு வாற இருவது பேரும் சண்ட பிடிப்பாங்க.

– சத்தத்த வெச்சிச் சமைக்கிறது உங்களுக்குத் தோதுதான்.

– அந்தச் சோத்துக்கு நான் மாசி போடுற, றுஸ்தா. நீ இடிச்சிப் போத்தல்ல அனுப்புற பொடி.

– ம்.

– என்ன ம்? மாசி காஞ்ச மீன்தானே. கீரைக்கும் போடுறம், பருப்புக்கும் போடுறம், சம்பலுக்கும் போடுறம். உப்பு மாதிரிப் பழகி, அது மீனெண்டே எனக்கு ஞாபகம் வரல்ல. போன கிழம ஒரு மனிசி மூணு தரம் வாங்கித் திண்டுட்டு, 'பதினொரு வருஷமா நான் மீன் தொடல்ல, இந்த ருசி எங்கால வருது' எண்டு கேட்டா. அப்பதான் மண்டைல உறைச்சிச்சு.

– என்ன சொன்னீங்க?

– வீட்டிருந்து வாற பொடி எண்டன். பொய்யில்ல. ஆனா அண்டையில இருந்து நித்திரையில்ல. நாலு மாசமா அவங்கட வயித்துக்குள்ள மீனப் போட்டிரிக்கன். நமக்கு ஆராவது தெரியாமப் பண்டியிறைச்சிய ஊட்டினா எப்பிடியிரிக்கும்?

– அப்பிடிக் கதைக்காதீங்க.

– சொன்னா அவட மனசு நோகும், முதலாம் கட்டுப்பாடு போச்சு. சொல்லாட்டி ரெண்டாவது போச்சு. சொன்னா வேலையும் போகும். நாக்கில்லாத கோக்கிய வேற ஆர் வெச்சிக்குவாங்க?

– இஞ்சாருங்க. அவசரப்பட்டு ஒண்டும் சொல்லிராதீங்க. தண்ணி கொதிக்குது, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறன். உங்களுக்கு ஒரு கதை சொல்லக் கிடக்கு. பயந்து பயந்து வெச்சிரிந்த கதை.

– சரி, போய்ட்டு வா.

– இந்தாங்க, குடிங்க. ஃபோன்ல என்ன பாக்கிங்க?

– சொல்லிட்டன்.

– ஆருக்கு?

– மிஸ்ஸுக்கு. வாட்ஸப்ல குரல் போட்டன். பொடில மீன் இரிந்த, மன்னிச்சிக்கங்க எண்டு. நீ தடுப்பாய் எண்டுதான் நீ வாறதுக்குள்ள அனுப்பின.

– அழிங்க அத.

– கேட்டுட்டா, பதிலும் வந்திட்டு. அழுதாவாம். ஆனா வேலைக்கு வரச் சொல்றா. 'முஸ்தாக், உண்மை பேசுறதெண்டா இதுதான்' எண்டு சொல்றா. பத்து மணி வகுப்பில என்ட குரல எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறாவாம். அல்ஹம்துலில்லாஹ், நெஞ்சு லேசாகிட்டு. அந்த இடியப்பத்த இஞ்ச தள்ளு, இப்பதான் பசிக்குது. உன்ட கதையச் சொல்லு.

– நீங்க வேலைக்குச் சேந்த அண்டே ஃபோன்ல கோல் எடுத்துச் சொன்னீங்க, அந்தச் சனம் ஒரு உசிரும் தின்னாதெண்டு. மறுகா, அடுத்த நாளே மாசிப் பொடி கேட்டீங்க.

– ஓம், கேட்டன்.

– அந்தச் சனத்துக்கு மீன இடிச்சி அனுப்ப எனக்குக் கை வரல்ல. மாசி இல்லாட்டிச் சோறு வாயில வைக்கேலா எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிற மனிசன், ஏலா எண்டா ஏசுவீங்க. காஞ்ச காளான வறுத்து இடிச்சி அனுப்பின. மணத்தில பிடிச்சிருவீங்க எண்டு ஒவ்வொரு தரமும் பயந்த. நாக்கோட மூக்கும் போயிட்டுப் போல, நீங்க பிடிக்கல்ல.

– எல்லாப் போத்தலுமா?

– எல்லாப் போத்தலும். ஒரு துண்டு மாசி போகல்ல.

– அப்ப, நாலு மாசத்தில நான் அவக்குச் சொன்ன முதல் பொய்யத்தான் பத்து மணிக்குப் போட்டுக் காட்டப் போறா.