அந்த எலிக்கும் ஆபரேஷன் நடந்ததாம்

ஆண்களுக்குள்ள விதை என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டே பல வருஷம் தள்ளிவிட்டேன். கபாலீஸ்வரர் துணையோடு இன்று எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணி வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ மூலிகைப் பொடி கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் மனைவி இறங்கி ஓடி வந்தாள்.

"யோவ், புள்ள வலியில சுருண்டுகினு கீறான், நீ இங்க பொடி வாங்கினு கீறியா? விதை முறுக்கிக்கிச்சாம், அதுக்கு ரத்தமே போவலியாம். உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா அழுகிப்புடுமாம். பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு டாக்டரு கத்துறாரு!"

"இந்த மூலிகை விதையைக் காப்பாத்துதுன்னு ஆராய்ச்சியே வந்துகீதுடி. போன்ல பாரு."

"உனுக்கு வந்த சேதி பாதிதான். கீழ்வீட்டு நர்ஸம்மா முழுசா படிச்சுச் சொல்லுச்சு. அது எலிக்குய்யா! அந்த எலிக்கே ஆபரேஷன் பண்ணி முறுக்கை அவுத்து வுட்டுக்கீறாங்க. எலிக்குக் கிடைச்சது என் புள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா?"

அவர் பொட்டலத்தைக் கல்லாமேல் போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். உள்ளே பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

அன்று சன்னதியில் அவனுக்காகத்தான் வேண்டினேன். இதைப் பிறருக்கு அனுப்புகிறவர்கள் அந்தச் சொல்லை மாற்றாமல், ஒரு வரியையும் வெட்டாமல் அனுப்புங்கள். பாதிச் செய்தியை நம்பித்தான் ஒரு தகப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.